போன் கடை அண்ணாமாருக்கு ஒரு மடல்

வணக்கம் அண்ணாமார்.

கிளிநொச்சி, மாங்குளம், முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பு என்று வன்னி முழுக்கப் போன் திருத்துகிற உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நான் கணினி படிக்கும் மூன்றாம் வருடப் பல்கலைக்கழக மாணவி. இந்த வருடம் எங்களுக்கு டிஜிட்டல் தடயவியல் என்று ஒரு பாடம். போனிலும் கார்ட்டிலும் கிடப்பதைக் கெடுக்காமல் எடுத்து, நீதிமன்றம் ஏற்கும்படி காட்டுவதைப் படிக்கிறோம். ஊரில் சொன்னால், “அப்ப நீ பொலிசிலயோ சேரப்போறாய்?” என்று கேட்கிறார்கள்.

சித்தியின் கதையைச் சொல்கிறேன். 2009 மே மாதத்துக்குப் பிறகு சித்தப்பாவை யாரும் காணவில்லை. அவருடைய சின்னக் கமெராவின் மெமரி கார்ட்டைச் சித்தி பொலித்தீனில் சுற்றி, செட்டிகுளம் முகாமிலும் கைவிடாமல் வைத்திருந்தா. சில வருடங்களுக்கு முன் படங்களைப் பார்க்கும் ஆசையில் ஒரு கடையில் கொடுத்தா. ‘ஃபோர்மட் செய்யவா?’ என்று கணினி கேட்டிருக்கிறது. கடைத் தம்பி ‘ஆம்’ என்று அழுத்திவிட்டார். வெறும் கார்ட்டைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் பக்திப் பாட்டுகளையும் ஏற்றிக் கொடுத்திருக்கிறார். காசு வாங்கவில்லை. நல்ல மனம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

படித்த பிறகுதான் நடந்தது விளங்கியது. காணி உறுதி தொலைந்தாலும் காணி இருந்த இடத்தில்தான் கிடக்கும், வேறு யாரும் வந்து அதில் வீடு கட்டாத வரைக்கும். அந்தக் கார்ட்டில் ஃபோர்மட் செய்தபோது போனது உறுதி மட்டும்தான், அதாவது எந்தப் படம் எங்கே கிடக்கிறது என்ற பட்டியல். படங்கள் கிடந்த இடத்தில் வீடு கட்டியது பாட்டுகள்.

போன விடுமுறையில் கார்ட்டை, வெறுமையாகத் தெரியும் இடங்களையும் சேர்த்து, முழுதாகப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டேன். ஜேபெக் படம் எதுவானாலும் எஃப்எஃப் டி8 என்ற இரண்டு பைட்டுகளோடுதான் தொடங்கும். பெயரும் பட்டியலும் இல்லாவிட்டாலும் அந்தத் தலையைப் பிடித்து அந்த மென்பொருள் படத்தைத் தேடும். பதினொரு படங்கள் வந்தன, அநேகமாக எல்லாம் உடைந்தவை. ஒன்றில் பழைய வீட்டுக் கூரையும் சித்தப்பாவின் நெற்றியும் கண்களும் தெரிகின்றன. அதற்குக் கீழே ஒரே சாம்பல் நிறம். சித்தி அதைத்தான் பெருப்பித்துத் தரச் சொன்னா.

அதனால் கேட்கிறேன். பழைய கார்ட்டோ பட்டன் போனோ யாராவது கொண்டுவந்தால், திருத்த முதல் “இதுக்குள்ள என்ன இருக்கு?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஃபோர்மட் வேண்டாம், போனின் மென்பொருளைப் புதிதாக ஏற்றும் பிளாஷும் வேண்டாம். கார்ட்டைக் கணினியில் சும்மா செருகினாலே விண்டோஸ் தன் பங்குக்கு எதையாவது எழுதிவைக்கும். மைக்ரோ கார்ட் என்றால் அடப்டரின் பக்கத்திலிருக்கும் பூட்டைத் தள்ளிவிட்டுச் செருகுங்கள் (சில ரீடர்கள் அந்தப் பூட்டை மதிப்பதில்லை, அது வேறு கதை). முதலில் முழுப் பிரதி, அப்புறம் மற்றதெல்லாம். பிரதிக்கு ஷா-256 என்ற கணக்கைப் போட்டால் 64 எழுத்தில் ஒரு முத்திரை வரும். பிரதியில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த முத்திரை மாறிவிடும். அதையும், யார் எப்போது கொண்டுவந்தார் என்பதையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

புதிய போன்களில் இந்த ஆறுதலும் இல்லை. உள்ளே எல்லாம் பூட்டித்தான் கிடக்கும். ரீசெட் செய்தால் திறப்பே அழிந்துவிடும், அதன்பிறகு யாராலும் எடுக்க முடியாது.

தங்கள் படங்களை வைத்து யாரோ மிரட்டுவதால் கலங்கி வரும் பிள்ளைகளுக்கும் இதுதான். மானம் போய்விடும் என்று எல்லாவற்றையும் அழித்துக் கொடுத்தால், மிரட்டியவனுக்கு எதிரான சாட்சியும் சேர்ந்து போகிறது. முதலில் 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு எடுக்கச் சொல்லுங்கள்.

உங்களுக்குப் பாடம் எடுக்க வரவில்லை. செத்த போனின் சிப்பைச் சூடு காட்டிக் கழற்றி உள்ளே இருப்பதை வாசிக்கும் முறையை நாங்கள் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறோம். உங்களுக்கு அது கைவேலை. விரும்பினால் விடுமுறையில் கடைக்கு வந்து, பிரதி எடுப்பதை நான் காட்டித் தருகிறேன், சிப் கழற்றுவதை நீங்கள் காட்டித் தாருங்கள்.

சித்தியின் கார்ட்டில் அந்தப் பக்திப் பாட்டுகள் இன்னும் இருக்கின்றன. அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தக் கார்ட்டில் இனி எதுவும் எழுதக் கூடாது.

புதுக்குடியிருப்பிலிருந்து,
ஒரு கணினி மாணவி