சுருதியைக் கொஞ்சம் இறக்குங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கிராமத்துச் சபைகளில் பாடகர் குழு தேய்ந்து வருவதாகச் சென்ற இதழில் வந்த கட்டுரை வருத்தப்பட்டிருந்தது. இளைஞர்களுக்கு ஆர்வமில்லை என்று அதில் சொன்ன காரணத்தை ஏற்பதற்கில்லை. சனிக்கிழமை சாயங்காலப் பயிற்சிக்குப் பிள்ளைகள் வரத்தான் செய்கிறார்கள். ஞாயிறு காலையில் அவர்கள் பாட, சபையார் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு சும்மா நிற்கிறார்கள். பெரும்பாலும் எடுத்த சுருதிதான் அவர்கள் வாயை அடைக்கிறது.

கீர்த்தனைகளில் இது பளிச்சென்று தெரியும். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) காலத்திலிருந்து நம் கீர்த்தனைகள் ராக தாளத்தோடு வந்தவை. பல்லவி நடு ஸ்தாயியில் சுகமாகப் போகும். அனுபல்லவியோ சரணமோ மேல் ஸட்ஜத்தைத் தொட்டு, சிலவற்றில் அதற்கும் மேலே காந்தாரம் (க) வரை ஏறும். 3 கட்டையில், அதாவது ஸட்ஜத்தைக் கீபோர்டின் ஈ சுரத்தில் வைத்து, எடுத்தால் அந்தக் காந்தாரம் ஜி ஷார்ப்பில் போய் நிற்கும். பயிற்சி பெற்ற சோப்ரானோ (உயர்ந்த பெண்குரல்) எட்டிப் பிடிப்பார். பின்வரிசையில் நிற்கும் அறுபது வயது அண்ணாச்சியால் முடியுமா? தனியாகப் பாடிப் பழகிய பெண்பிள்ளை தன் வசதிக்கு 5 கட்டையில் எடுத்தால் சிக்கல் வேறு மாதிரி. ஆண்கள் கீழே பாடினால் குரல் கிணற்றுக்குள் போய்விடும், மேலே பாடினால் கிழியும். சபை முழுதும் சேர்ந்து பாட 1 கட்டை (சி), மிஞ்சினால் ஒன்றரை. மேலே அதிகம் ஏறாத பாட்டாக இருந்தால் மட்டும் 2.

மேல்நாட்டு மெட்டில் பாடும் பாமாலைகளுக்குக் கணக்கு இன்னும் எளிது. ராகத்தில் (மெட்டில்) சோப்ரானோவின் மிக உயர்ந்த சுரம் எது என்று முதலில் பாருங்கள். அது ஈ அல்லது ஈ ஃபிளாட் என்றால், காலை ஆராதனைக்கு கீபோர்டில் சுருதியை மாற்றும் ட்ரான்ஸ்போஸ் பொத்தானால் இரண்டு அரைப்படி இறக்கலாம். தூக்கக் கலக்கம் தீராத தொண்டைகளுக்கு டி தாண்டினால் கஷ்டம். ஆனால் இரண்டுக்கு மேல் இறக்கவேண்டாம்: பேஸின் (தாழ்ந்த ஆண்குரல்) கீழ் ஜி ஏற்கெனவே எஃப் ஆகியிருக்கும், அதற்கும் கீழே நம் ஊர் பேஸ் குரல்களில் காற்றுதான் வரும்.

ட்ரான்ஸ்போஸ் பொத்தானுக்குப் பக்கத்திலேயே இன்னொரு வில்லன் இருக்கிறான்: தானாகத் தாளம் வாசிக்கும் ஸ்டைல் பொத்தான். மிச்ர சாபு தாளம் ஏழு அட்சரம் (தட்டு), மூன்றும் நான்கும். விலை குறைந்த கீபோர்டுகளில் ஏழு அட்சர ஸ்டைல் அநேகமாக இருக்காது. வாசிக்கிற தம்பி நாலடி தாளத்தைப் போட்டுவிட்டு, ஆவர்த்தனத்துக்கு ஓர் அட்சரம் நீட்டி எட்டாக்கிச் சரிக்கட்டுவார். பெரியவர்கள் பாடுவதோ ஏழில். முதல் வரியில் ஓர் அட்சரம் முன்பின், இரண்டாம் வரியில் இரண்டு. பல்லவி முடிவதற்குள் ஆளுக்கொரு இடத்தில் நிற்பார்கள். ஸ்டைலை அணைத்துவிட்டுக் கையால் தாளம் போட்டாலே போதும். தபேலா இருந்தால் இன்னும் நல்லது.

கார்டும் (சேர்த்து அழுத்தும் சுரங்கள்) அப்படியே. செஞ்சுருட்டி ராகத்தில் நிஷாதம் கைசிகி, அதாவது தாழ்ந்த நி. 1 கட்டையில் அது பி ஃபிளாட். பழக்கதோஷத்தில் ஜி மேஜரை அழுத்தினால் அதிலுள்ள பி, பாடுகிறவர் சுரத்தோடு நேருக்கு நேர் மோதும். காது கூசும், காரணம் தெரியாமல் பாடகரைக் குறை சொல்வோம். அந்த இடங்களில் ஸ, ப இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டு எல்லாரும் ஒரே குரலில் பாடுவதே அழகு. நான்கு குரல் ஆசையை, மேஜர் ஸ்கேலோடு ஒத்துப்போகும் சங்கராபரணக் கீர்த்தனைகளிலும் பாமாலைகளிலும் தீர்த்துக்கொள்ளலாம்.

அந்த நான்கு குரலுக்குப் பதினெட்டுப் பேர் தாராளம்: சோப்ரானோ 7, ஆல்ட்டோ (தாழ்ந்த பெண்குரல்) 4, டெனர் (உயர்ந்த ஆண்குரல்) 3, பேஸ் 4. டெனர்தான் எங்கும் பஞ்சம். ஒரே ஒருவர்தான் இருக்கிறார் என்றால் அவரைத் தவிக்கவிடாமல் மூன்று குரலாகப் பாடுங்கள். ஆனால் கார்டின் மூன்றாம் சுரம் டெனரிடம் மட்டும் இருக்கிற இடங்களைப் பென்சிலால் குறித்து, அதை ஆல்ட்டோவுக்கு மாற்றிக் கொடுக்கவேண்டும். இல்லாவிட்டால் பாட்டு வெறுங்கூடாகக் கேட்கும். குரல் உடைகிற வயதுப் பையன்களை டெனர் குறைகிறதே என்று அங்கே தள்ளவேண்டாம்; வருகிற சுரத்தை மட்டும் மெதுவாகப் பாடட்டும்.

பழக்கும்போது வார்த்தையை ஒதுக்கிவிட்டு சோல்ஃபாவில் (டோ, ரே, மீ என்ற சுரப்பெயர்களில்) தொடங்குங்கள். முதலில் சோப்ரானோவையும் பேஸையும் சேர்த்துப் பாடவிட்டு, பிறகு ஆல்ட்டோ, கடைசியில் டெனர். கீபோர்டு இல்லாமல் பாடும்போது நான்காம் சரணத்துக்குள் அரைச் சுரம் இறங்கிவிடுகிறதா? குற்றவாளி பெரும்பாலும் ‘டீ’யும் ‘மீ’யும்தான். ‘டீ’யிலிருந்து ‘டோ’வுக்கு அரைப்படிதான், அதைத் தாழ்த்திப் பாடினால் ‘டோ’வும் கூடவே தாழும். சரணத்துக்குச் சரணம் கீபோர்டில் ஒரு ‘டோ’ தட்டிப் பாருங்கள், எந்த வரியில் விழுகிறது என்று தெரிந்துவிடும்.

சொல் விஷயத்தை எல்லாக் குழுக்களும் கோட்டை விடுகின்றன. ‘மீட்பு’ என்ற சொல் நீண்ட சுரத்தில் முடிந்தால் ‘மீட்பூ’ என்று கேட்கிறது. அது குற்றியலுகரம், உதட்டைக் குவிக்காமல் பாடினால் சரியாக வரும். ‘தேவனும்’ என்று நான்கு அட்சரத்தில் முடிகிற வரியில் ஆளாளுக்கு ஒரு நேரத்தில் வாயை மூடினால், கடைசியில் ஒரே முணுமுணுப்பு. மூன்று அட்சரம் உகரத்தை நீட்டி, நான்காவதில் எல்லாரும் ஒன்றாக ‘ம்’ வைக்கவேண்டும். ‘இரட்’டுக்கும் ‘சகரே’க்கும் நடுவே மூச்சு வாங்குவதையும் நிறுத்தலாம். இருநூறு பேர் அமரும் கோவிலில் குழுவுக்கு மைக்கே வேண்டாம். தலைக்குமேல் ஓடுகிற மின்விசிறியை அந்த ஐந்து நிமிடம் அணைத்தால் நன்றாகவே கேட்கும். டிசம்பர் பனியில் தெருத்தெருவாகக் கேரல் போய்விட்டு மறுநாளே கேரல் ஆராதனை வைப்பதையும் சபைக் கமிட்டிகள் யோசிக்கவேண்டும். சுக்குக் காபி இதமாக இருக்கும். கட்டிய தொண்டையை ஒரே ராத்திரியில் திறந்துவிடாது.

தங்கள் இதழிடம் ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு பாமாலை ராகத்தை நான்கு குரலுக்கும் சோல்ஃபாவில் அச்சிடுங்கள். ஏழு சுரத்துக்கு ஏழு எழுத்து, அட்சரம் பிரிக்க முக்காற்புள்ளி, அரை அட்சரத்துக்குப் புள்ளி, நீட்ட ஒரு சிறுகோடு. சாதாரண அச்செழுத்தே போதும், கோடு போட்ட இசைத்தாள் தேவையில்லை. படமாகச் சுருக்கிப் போடவேண்டாம், புள்ளி எது முக்காற்புள்ளி எது என்று தெரியாமல் போகும். மேலே ‘டோ’ எந்தக் கட்டை என்பதையும், சபை சேர்ந்து பாட எத்தனை அரைப்படி இறக்கலாம் என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாசரேத் வட்டாரம், தூத்துக்குடி மாவட்டம்