வேணியை அப்படியே விட்டுவிடாதே

அன்புள்ள ரேவதி,

நலம்தானே? இங்கே எல்லாரும் நலம். உன் நாவலின் பதினோராம் அத்தியாயம் படித்தேன். ஃபோனில் சொன்னால் நடுவில் புகுந்து சிரிக்க வைத்துப் பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

தளபதி கட்டுண்டு கிடக்கிறான், கையில் ஆயுதம் இல்லை. வேணி தடை செய்யப்பட்ட அந்த மந்திரத்தைச் சொல்கிறாள். அவன் எலும்புக்குள் நெருப்பு ஓடுகிறது. அடுத்த பத்தியில் எல்லாரும் விருந்தில்! எப்படியடி மனசு வந்தது?

நாம் ஓயாமல் சண்டை போட்ட ஹாரி பாட்டர் விவகாரமேதான் இது. 2003இல் வந்த ஐந்தாம் புத்தகத்தில், ஞானத்தந்தை சிரியஸைப் பறிகொடுத்த ஆத்திரத்தில், அவரைக் கொன்ற பெலாட்ரிக்ஸ் மேல் ஹாரி குரூசியோ என்ற சித்திரவதைச் சாபத்தை ஏவுகிறான். சரியாகப் பலிக்கவில்லை. நியாயமான கோபம் மட்டும் போதாது, வலியைக் கொடுப்பதில் ஆசை வேண்டும் என்று அவளே பாடம் எடுக்கிறாள். 2007இல் வந்த கடைசிப் புத்தகத்தில், ஆசிரியை மெக்கோனகல் முகத்தில் எதிரிக் கூட்டத்துக் கேரோ துப்பியதும் ஹாரி ஏவும் அதே சாபம் கச்சிதமாகப் பலிக்கிறது. கேரோ அந்தரத்தில் துடித்து, புத்தக அலமாரியில் மோதி விழுகிறான். பெலாட்ரிக்ஸ் சொன்னது இப்போது புரிகிறது என்கிறான் ஹாரி. மெக்கோனகல் அவனை மெச்சுகிறார். கதை நகர்ந்துவிடுகிறது. மனிதர் மேல் ஏவினால் அஸ்கபான் என்ற மந்திரவாதிகளின் சிறையில் ஆயுள் தண்டனை என்று நான்காம் புத்தகத்தில் வகுப்பெடுத்துச் சொன்ன அதே சாபம்!

கிரிங்காட்ஸ் வங்கிக்குள் ஒளிந்து புகுந்தபோது, பிறர் மனதை ஆட்டிவைக்கும் இம்பீரியஸ் சாபத்தை ஹாரி ஏவுவதை நான் இதோடு சேர்க்க மாட்டேன். போக்ராட் அங்கே வேலை பார்த்த, ஒரு பாவமும் அறியாத கோப்ளின் (குள்ள இனத்தவன்), அவன் மனதைப் பறித்தது அநியாயம்தான். ஆனாலும் மாட்டினால் சாவு, வேறு வழியில்லை என்று வாதாட அங்கே இடமிருக்கிறது. கேரோவை மயக்கிப் போட்டிருந்தாலே போதும்; அந்த மந்திரம் ஹாரிக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்த வலியால் ஒரு காரியமும் ஆகவில்லை.

உன் அண்ணன் வழக்கம்போல, "கெட்டவன்தானே, படட்டும்" என்பார். கேரோவுக்காக நான் அழவில்லை, அவரிடம் சொல். ஆசைப்பட்டால்தான் பலிக்கும் என்று ஒரு சாபத்துக்கு விதி வைத்துவிட்டு, பலித்த பிறகு அந்த ஆசையைப் பற்றி யாரும் வாய் திறக்காததுதான் என்னை உறுத்துகிறது.

வேணி செய்யக் கூடாது என்று சொல்ல மாட்டேன். தம்பியின் உடலைத் தன் கையால் கழுவியவள் அவள், செய்யட்டும். ஆனால் விருந்தில் அவள் பக்கத்தில் உட்கார யாராவது ஒருவர் தயங்கட்டும். நந்தனாவது கேட்கட்டும். அந்த நிமிடம் அவளுக்குப் பிடித்திருந்ததா, ரேவதி? உனக்கு அது தெரியும் என்று நினைக்கிறேன். தெரிந்தேதான் விருந்துக்கு ஓடிவிட்டாய்.

பன்னிரண்டாம் அத்தியாயத்தைத் தொடும் முன் இதை எழுதி அனுப்பு. அப்புறம், குதிரைகளின் பெயரெல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. எது யாருடையது என்றே தெரியவில்லை. அதையும் மாற்று.

அன்புடன்,
வசந்தி