படகைத் திரும்ப அழைத்த கதை

அன்பு செல்வா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் ஏதாவது ஒரு படகு கரைக்கு வந்துவிடுகிறது. மீன் ஏலம் முடிந்து, டீசல் கடன், ஐஸ் கடன், தரகர் கொடுத்த முன்பணம் எல்லாம் கழித்து, மீதியைப் படகுக்கும் ஆட்களுக்கும் பங்கு போட்டு முடிப்பதற்குள் இரவு பதினொன்று ஆகிவிடும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் இருக்கும் ஊற்றுநீர் மேலே முட்டிக்கொண்டே இருக்கும், இராப்பகலாக இறைத்தால்தான் சுரங்கம் நிற்கும் என்று எழுதியிருந்தாயே, அதை இரண்டு தடவை படித்தேன். பம்ப் ஓடுகிறதா என்று நீ தூக்கத்தில்கூடக் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பாய் என்று நினைக்கிறேன். எனக்கு அது வானிலை அறிக்கை.

கொச்சியில் அப்படி என்ன மேனேஜர் வேலை என்று கேட்டிருந்தாய். தேங்காய்ப்பட்டினத்தில் துறைமுகம் இருந்தாலும் நம் தூத்தூர் பக்கத்துப் பெரிய படகுகள் பலவும் கொச்சியில்தான் கிடக்கின்றன, தெரியும்தானே. என் பொறுப்பில் மூன்று. ஒரு படகு தூண்டிலுக்குப் போனால் முப்பது, நாற்பது நாள் கடலில் இருக்கும். பன்னிரண்டு பேருக்கு அரிசி, குடிதண்ணீர், எட்டாயிரம் லிட்டர் டீசல், முந்நூறு பார் ஐஸ், இரை, மருந்துப் பெட்டி, எல்லாம் நான் ஏற்ற வேண்டும். இதில் ஐஸ்தான் ரொம்பப் பாடுபடுத்தும். பாரை நொறுக்கி அறையில் கொட்டும்போது கையை விட்டுப் பார்ப்பேன். உள்ளே சரியாக உறையாத பார் என்றால் பொடி ஈரமாகக் கையில் ஒட்டும். அது இருபதாம் நாளிலேயே தண்ணீராகிவிடும், பிறகு பிடிக்கிற சூரை கரைக்கு வருவதற்குள் நிறம் மங்கி, ஏலத்தில் பாதி விலைக்குக்கூடப் போகாது. அதனால் ஐஸ் பிளாண்டில் எனக்குச் சண்டைக்காரன் என்று பெயர், இருக்கட்டும்.

அப்புறம் மீன் இருக்கும் இடம். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையத்தார், கடலின் மேற்பரப்பு வெப்பத்தையும் பாசி நிறத்தையும் செயற்கைக்கோளில் பார்த்து இன்ன இடத்தில் மீன் கூடலாம் என்று அறிவிப்பார்கள். மேகம் மூடினால் அதுவும் கிடையாது. நான் சொல்வேன், படகை ஓட்டும் ஸ்ராங்கு கேட்டுக்கொள்வார், கடைசியில் நீரோட்டத்தைப் பார்த்து அவர் மனசுக்குப் பட்ட இடத்துக்குத்தான் போவார். பெரும்பாலும் அவர்தான் சரியாக இருப்பார்.

ஆனால் காற்று விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. அதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தேன்.

சென்ற மாதம் தென்கிழக்கு அரபிக்கடலில் ஒரு தாழ்வுப் பகுதி என்று அறிவிப்பு வந்தது. நம் படகு ஒன்று போய்ப் பதினொரு நாள்தான், லட்சத்தீவுக்கு மேற்கே, அன்றுதான் மீன் பட ஆரம்பித்திருந்தது. படகில் இருக்கும் டிரான்ஸ்பாண்டர் என்ற செயற்கைக்கோள் கருவிக்குச் செய்தி அனுப்பினேன்: தூண்டிலை எடுத்துவிட்டு கர்நாடகத்து மால்பே துறைமுகத்துக்கு ஓடுங்கள். இப்போது மீன் இருக்கிறது, இரண்டு நாள் பொறுக்கலாமா என்று பதில் வந்தது. வேண்டாம் என்றேன். போனார்கள். தாழ்வுப் பகுதியோ மேற்கே விலகிப்போய்க் கலைந்துவிட்டது, மால்பேயில் நல்ல வெயில். போக வர எரிந்த டீசல், உருகின ஐஸ், ஆறு நாள் வேலை, எல்லாம் நட்டம். முதலாளி இரண்டு வார்த்தை சொன்னார், அது பரவாயில்லை. பங்கு போட்ட அன்று ஆளுக்கு வந்த தொகையைப் பார்த்தபோதுதான் எனக்கு நெஞ்சு அடைத்தது. சம்பளக்காரனான எனக்கு ஒரு ரூபாய் குறையவில்லை, குறைந்ததெல்லாம் அவர்களுக்கு. ஒரு பையன் பணத்தை எண்ணிவிட்டு, "அண்ணே, சீட்டுக்குக்கூடக் காணாது" என்று மட்டும் சொன்னான்.

ஆனாலும் நாளைக்கே இப்படி ஒரு அறிவிப்பு வந்தால் திரும்பவும் கூப்பிடுவேன், மக்கா. 2017 நவம்பர் 30-ஐ நான் எப்படி மறப்பேன். முந்தின நாள் தாழ்வு மண்டலமாக இருந்தது குமரிமுனை பக்கம் வந்தபோது ஒக்கிப் புயலாகிவிட்டது. நம் படகுகள் பல நாளுக்கு முன்பே கிளம்பிப் போனவை. ஒயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது, ஒரு படகு கேட்டு அடுத்த படகுக்குச் சொன்னால்தான் உண்டு. சொல்ல வழியில்லாமல் நான் ரேடியோவைத் திருகிக்கொண்டே நின்றேன், வெறும் இரைச்சல். சின்னத்துறையிலும் வள்ளவிளையிலும் எத்தனை வீடுகளில் உடல்கூட வந்து சேரவில்லை என்று உனக்கும் தெரியும். இன்று இஸ்ரோவின் அந்த டிரான்ஸ்பாண்டர் படகில் இருக்கிறது, செல்போனோடு இணைத்தால் நடுக்கடலில் இருப்பவனுக்குத் தமிழிலேயே எழுதலாம். அன்று ஏங்கியது கைக்கு வந்த பிறகும் ஐஸ் கணக்குப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது.

பங்கு குறைந்ததற்கு மட்டும் ஏதாவது செய்தாக வேண்டும். எச்சரிக்கைக்காகத் திரும்பிய நாட்களின் டீசலைப் படகுக் கணக்கில் மட்டும் எழுதலாம், ஆட்கள் பங்கில் கை வைக்க வேண்டாம் என்று முதலாளியிடம் கேட்டிருக்கிறேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறார். மழைக்குச் சுரங்கம் நின்றால் உங்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு அந்த நாள் கூலியை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று விசாரித்து எழுது. அவரிடம் பேச எனக்கு உதவும்.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருகிறேன், 23 இரவு. நீயும் லீவு போடு. அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
சேவியர்