ஏட்டளவில் நிற்கும் ஆய்வகப் பாதுகாப்புப் பயிற்சி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவர்களின் தொடர் கல்வி குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையை வாசித்தேன். ஐந்தாண்டுகளில் 30 மணி நேரமாவது தொடர் கல்வி வகுப்புகளில் பங்கேற்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் மருத்துவர்களுக்குச் சொல்கின்றன. ஆனால் அந்த மருத்துவர் எழுதித் தரும் சீட்டைப் பார்த்து, நோயாளியின் ரத்தத்தையும் சளியையும் கையில் வாங்கும் லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்த பிறகு என்ன கற்றுக்கொள்கிறார் என்பதைக் கட்டுரை தொடவில்லை. தஞ்சை மாவட்டத்து ஆய்வகங்களில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அதைப் பற்றிச் சிறிது எழுத விரும்புகிறேன்.

சட்டம் இல்லை என்று சொல்வதற்கில்லை. 2016-இல் வந்த உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், படுக்கை வசதியே இல்லாத சிறு பரிசோதனை நிலையங்களையும் கட்டுப்படுத்துகின்றன. கழிவைக் கையாளும் ஊழியருக்குப் பணியில் சேரும்போது ஒரு முறையும், பின்னர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் பயிற்சி தர வேண்டும். ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசிகளும் போட்டிருக்க வேண்டும். ஜூன் 30-க்குள் அனுப்ப வேண்டிய ஆண்டறிக்கையில், பயிற்சி பெற்றவர்களின் எண்ணிக்கையோடு பயிற்சி பெறாதவர்களின் எண்ணிக்கையையும் குறிப்பிட வேண்டும் என்பதுவரை விதி போகிறது. அந்த இரண்டாவது இடத்தில் பூஜ்யத்தைத் தவிர வேறு எதையும் எழுதிய நிலையத்தை நான் பார்த்ததில்லை.

நடைமுறையில், நம் டெல்டாவின் சிறு நகரங்களில் ஒருவரையோ இருவரையோ வைத்து நடக்கும் லேப்களில், பயிற்சி என்பது பெரும்பாலும் சுவரில் ஒட்டிய வண்ணப் படம்தான். மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று எந்தக் கழிவு எந்த நிறத் தொட்டியில் விழ வேண்டும் என்பதை அந்தப் படம் சொல்லும். கிருமிகளை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் தட்டுகளைக் கழிவு வண்டியில் ஏற்றுவதற்கு முன் அந்த இடத்திலேயே கிருமிநீக்கம் செய்தாக வேண்டும் என்பதையோ, காலையில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கும் பையன் பயன்படுத்திய ஊசிகளை எதில் வைத்துக்கொண்டு பைக்கில் திரும்ப வேண்டும் என்பதையோ அது சொல்லாது.

பயன்படுத்திய ஊசி தவறிக் கையில் குத்திய பிறகு செய்ய வேண்டியவை இன்னும் முக்கியமானவை. குத்திய விரலை அழுத்திப் பிதுக்குவதும் வாயில் வைத்துச் சப்புவதும் நம் கைப்பழக்கம்; இரண்டும் கூடாது, சோப்பும் ஓடும் நீரும் போதும். ஹெபடைடிஸ் பி கிருமி காய்ந்த ரத்தக் கறையிலும் ஏழு நாள்வரை உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. எச்.ஐ.வி. உள்ளவருக்குப் பயன்படுத்திய ஊசி குத்தினால் தொற்றுக்கு வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று என்ற அளவில்தான் என்றாலும், தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவதே நல்லது. 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை. வேதாரண்யத்திலோ முத்துப்பேட்டையிலோ இரவில் ஊசி குத்திக்கொண்ட ஒரு பெண் ஊழியர் எந்த மருத்துவமனைக்கு, எப்படிப் போய்ச் சேர வேண்டும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். டி.எம்.எல்.டி. என்ற ஆய்வகப் பட்டயப் படிப்பில் இதை ஒருமுறை எழுதித் தேர்வானவர்தான் அவர். பத்து ஆண்டுக்குப் பின் பதற்றத்தில் அது நினைவுக்கு வருவதில்லை. மாதிரிக் குழாய்களை வேகமாகச் சுழற்றும் சென்ட்ரிஃபியூஜ் ஓடும்போது உள்ளே குழாய் உடையும் சத்தம் கேட்டால் எவருக்கும் உடனே மூடியைத் திறந்து பார்க்கத்தான் தோன்றும். நிறுத்திவிட்டு, காற்றில் பறக்கும் நுண்துளிகள் படியும்வரை அரை மணி நேரம் அப்படியே விட வேண்டும் என்பது திரும்பத் திரும்பப் பழகினால்தான் கைக்கு வரும்.

நம் வட்டாரத்துக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. மெலியாய்டோசிஸ் என்ற கடுமையான தொற்று நோயை உண்டாக்கும் பாக்டீரியா ஈரமான மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது; நெல் வயலில் இறங்கி வேலை செய்யும் சர்க்கரை நோயாளிகளை எளிதில் பிடிப்பது; மழைக்காலத்தில் கூடுவது. ஆய்வகத்தில் இதைச் சாதாரண சூடோமோனாஸ் பாக்டீரியா என்று தவறாக எண்ணி, திறந்த மேசையிலேயே தட்டைக் கையாள நேரிடுவதுண்டு. கால்நடைகளிடமிருந்து வரும் புரூசெல்லா பாக்டீரியாவும் அப்படியே. கல்ச்சர் தட்டை முகர்ந்து பார்க்கும் பழைய வழக்கம் உயிருக்கே ஆபத்தாகலாம். எங்கள் காலத்துப் பாடத்தில் இவ்விரண்டும் ஓரிரு வரிகளில் முடிந்துவிட்டன.

ஆகவே தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரிகளின் நுண்ணுயிரியல் துறைகள், தனியார் லேப் ஊழியர்களையும் சேர்த்துக்கொண்டு, ஆண்டுக்கு ஒருமுறை அரை நாள் வகுப்பு நடத்த வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி இல்லாத மயிலாடுதுறை மாவட்டத்தில் தலைமை மருத்துவமனையில் நடத்தலாம். வகுப்பு தமிழில் இருக்க வேண்டும். படக்காட்சியோடு முடிக்காமல், சிந்திய ரத்தத்தைத் துடைப்பதையும் கிருமிநாசினியான ஹைப்போகுளோரைட் கரைசலை அன்றன்று கலப்பதையும் அவரவர் கையால் செய்ய வைக்க வேண்டும். வெறும் வயிற்று ரத்தம் எடுக்க ஆள்கள் வரும் காலை நேரம் இதற்கு ஆகாது. ஞாயிறு பிற்பகலே தோது. மருத்துவ நிலையங்களின் பதிவைப் புதுப்பிக்கும்போது அதிகாரிகள் இவ்வகுப்பின் சான்றிதழைக் கேட்டால், உரிமையாளர்கள் தாமே ஆளை அனுப்பி வைப்பார்கள்.

அப்படி அனுப்பும்போது அந்த அரை நாளுக்குச் சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது என்பதையும் உத்தரவிலேயே எழுதிவிடுவது நல்லது. மாதச் சம்பளத்தில் பேருந்துக் கட்டணம் போக மிஞ்சுவதைக் கணக்குப் பார்த்து வாழ்கிறவர்கள் இவர்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வக நுட்பநர்,
கும்பகோணம்.