பட்டனை அழுத்திய பிறகு

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. கப்பலில் செகண்ட் ஆபீசர் ஆகிவிட்டாய், ஜிஎம்டிஎஸ்எஸ் என்கிற ஆபத்துக்கால ரேடியோ, சாட்டிலைட் கருவிகளும் இனி உன் பொறுப்பு என்று அம்மா சொன்னதிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அன்றைக்குப் போனில் "இப்பல்லாம் ஆபத்துன்னா ஒரு சிவப்பு பட்டன்தான்ப்பா, மிச்சத்த சாட்டிலைட் பார்த்துக்கும்" என்றாயே, அதற்குப் பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது.

1999 பிப்ரவரியோடு, நான் பார்த்த ரேடியோ ஆபீசர் என்ற வேலையே கப்பல்களுக்குக் கட்டாயமில்லாமல் போனது. அதில் எனக்கு வருத்தம் கிடையாது. கருவி தூங்காது, மனிதன் தூங்குவான். டைட்டானிக் மூழ்கிய இரவில் அருகில் நின்ற கலிபோர்னியன் கப்பலில் ஒரே ஒரு ரேடியோ ஆபரேட்டர், சிரில் எவன்ஸ். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டுப் பதினொன்றரை மணி வாக்கில் செட்டை அணைத்துவிட்டுப் படுத்தார். சற்று நேரத்தில் டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஒற்றை ஆளை வைத்து நடத்திய ஏற்பாட்டின் குறை அது.

நான் சொல்ல வந்தது வேறு ஆளைப் பற்றி. ஜாக் பின்ஸ். அவரும் கப்பல் ரேடியோ ஆபரேட்டர்தான். டைட்டானிக்குக்கு மூன்று வருஷம் முன்பு, 1909 ஜனவரி 23, அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக்குத் தெற்கே அடர்ந்த மூடுபனி. விடிவதற்கு முன் ரிபப்ளிக் என்ற பயணிகள் கப்பலின் நடுவில் ஃப்ளோரிடா என்ற இத்தாலியக் கப்பல் வந்து மோதியது. ஃப்ளோரிடாவில் இருந்தவர்களில் பலர், அதற்கு முந்தைய மாதம்தான் மெசினா பூகம்பத்தில் வீடுவாசலை இழந்து பிழைப்பு தேடிப் புறப்பட்டவர்கள். பாவம், கடலிலும் அவர்களுக்கு இந்தக் கதி.

மோதலில், ரிபப்ளிக்கில் இருந்த பின்ஸின் ரேடியோ அறைச் சுவரே பிய்ந்து போனது. என்ஜின் அறையில் வெள்ளம் புகுந்து, டைனமோ நின்று, விளக்கெல்லாம் அணைந்துவிட்டது. இருட்டில் தடவித் தடவி பேட்டரியை இணைத்தார். செய்தியைத் தட்டி அனுப்பும் மோர்ஸ் கீ உடைந்திருந்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தட்டினார். பேட்டரியில் போன சிக்னல் நெடுந்தூரம் எட்டாது. நல்லவேளை, நான்டக்கெட்டில் சியாஸ்கான்செட் நிலையத்தில் இருந்தவர் அதைப் பிடித்து, பலமான டிரான்ஸ்மிட்டரில் மற்ற கப்பல்களுக்கெல்லாம் சொன்னார். பால்டிக் என்ற கப்பல் உதவிக்குத் திரும்பியது.

கயல், பட்டனை அழுத்துவது என்று நீ சொன்னாயே, பின்ஸின் கதையில் அந்த வேலை இந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. ஆனால் பால்டிக் வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. பகல் முழுக்கப் பனிக்குள் ஒன்றையொன்று பார்க்க முடியவில்லை. ரிபப்ளிக்கும் மிதந்து விலகிக்கொண்டிருந்தது. பால்டிக் வேட்டு வெடித்தபடி தேட, அந்தச் சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறது என்று பின்ஸ் திரும்பத் திரும்பச் சொல்லி வழி காட்டினார். ஜனவரிக் குளிரில், சுவர் இல்லாத அறையில், விரல் மரத்துப்போன நிலையில். இரண்டு கப்பல்களிலும் இருந்த 1500க்கும் மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள். மறுநாள் ரிபப்ளிக்கை இழுத்துப் போகும்போது அது மூழ்கியது.

உன் கருவி இடத்தை, நேரத்தை, கப்பலின் எண்ணை நொடியில் அனுப்பிவிடும். அது பெரிய விஷயம்தான். அதன்பிறகு, ஆபத்து அழைப்புக்கான சேனல் 16 ரேடியோவில் ஒருவர் கேட்பார்: எத்தனை பேர்? தண்ணீர் எங்கே புகுகிறது? படகு இறக்கிவிட்டீர்களா? மெயின் பவர் போய் பேட்டரியில் ஓடும்போது, கேப்டன் மூன்று பேரிடம் கத்திக்கொண்டிருக்கும்போது, அதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொல்கிற குரல் உன்னுடையதாக இருக்கும். பதில் வராவிட்டாலும் விடாமல் சொல்ல வேண்டும்.

எங்கள் காலத்தில் ரேடியோ அறைக் கடிகாரத்தில் சிவப்புக் கோடுகள் இருக்கும். ஒவ்வொரு மணியிலும் 15வது நிமிஷத்திலிருந்து 18 வரை, 45லிருந்து 48 வரை, ஆபத்து அழைப்புக்கான 500 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் எல்லாக் கப்பலும் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும், யாராவது பலவீனமாகக் கூப்பிடுகிறார்களா என்று. எனக்குத் தெரிந்த தொழிலிலேயே அழகான விதி அதுதான். இப்போது அது இல்லை. ஆனால் உன் வாட்ச் டியூட்டியில் சேனல் 16ஐச் சத்தம் தொல்லை என்று யாராவது குறைத்து வைத்தால், தயவுசெய்து திரும்ப ஏற்றி வை.

இன்னொன்று. மாதாந்திர டிரில்லில் பட்டனைக் காட்டிக் கையெழுத்து வாங்குவதோடு விடாதே. பயிற்சியில் இருக்கும் உன் கேடட் பிள்ளைகளை, மேடே என்கிற ஆபத்துச் செய்தியை வாய்விட்டுச் சொல்ல வை. நிஜமாக அனுப்பிவிடாமல், மைக்கை அதன் கொக்கியிலேயே விட்டுவிட்டுத்தான். கப்பல் பெயர், இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர். திக்காமல் வரும்வரை.

அம்மா புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் கட்டி வைத்திருக்கிறாள். கொழும்பில் ஆள் மாறும்போது யார் கையில் கொடுத்தனுப்பலாம் என்று கேட்டு எழுது. பல்லை டாக்டரிடம் காட்டினாயா?

அன்புடன்,
அப்பா