செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

தலைவர் அவர்களுக்கும் கும்பகோணம் வட்டார அச்சக உரிமையாளர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் நடந்தன. முகூர்த்த மாதங்களில் வழக்கம்போல ஆள் குறைவு. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கூட்டங்களில் அதிக நேரம் ஓடியது ஒரே பேச்சில்தான்: நமக்கு மெஷின் ஓட்டத் தெரிகிறது, விற்கத் தெரியவில்லை.

பார்ட்டி வந்து "ஆயிரம் நோட்டீஸ் என்ன ரேட்?" என்றதும் நாமும் ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறோம். அவர் அதை எடுத்துக்கொண்டு அடுத்த அச்சகத்துக்குப் போகிறார், அப்புறம் சிவகாசி ரேட்டைக் காட்டுகிறார். அந்த ரேட்டோடு நாம் மல்லுக்கட்ட முடியாது. எதற்கு, யார் கைக்குப் போகிறது, என்றைக்கு வேண்டும் என்று முதலில் கேளுங்கள். சீவல் வியாபாரி ஒருவர் ஆர்ட் பேப்பரில் விலைப்பட்டியல் கேட்டு வந்தார். கடைக்காரர்கள் அதன்மேல் பேனாவால் கணக்குப் போடுவார்கள் என்பது விசாரித்த பிறகே தெரிந்தது. பளபளப்பான ஆர்ட் பேப்பரில் பேனா சரியாக எழுதாது. அதனால் பூச்சில்லாத வெள்ளைத் தாளான மாப்லித்தோவில் அடித்துக் கொடுத்தோம். அவருக்குச் செலவும் குறைந்தது. இன்றுவரை வேறு இடம் போகவில்லை.

கொட்டேஷனில் 500, 1,000, 2,000 என மூன்று அளவுக்கும் விலை போடுங்கள். ஆப்செட் மெஷினில் பிளேட் எனும் அச்சுத் தகடும், அதை மெஷினில் பொருத்திச் சரிசெய்யும் செட்டிங்கும் முதல் தாளுக்கே ஆகிவிடும் செலவு. நாலு கலருக்கு நாலு பிளேட். ஐந்நூறானாலும் ஐயாயிரமானாலும் அதேதான். பக்கத்தில் பக்கத்தில் விலையைப் பார்த்தால் பார்ட்டியே கூட்டிக் கேட்பார். நூறு பிரதிதான் வேண்டுமென்றால் பிளேட் தேவையில்லாத டிஜிட்டல் அச்சுக்கு அனுப்பிவிடுங்கள்.

பில் புக் விஷயத்தில் நம் உறுப்பினர் ஒருவர் சொன்ன யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒவ்வொரு கடைக்கும் கடைசியாக அடித்த பில் நம்பரை ஒரு நோட்டில் குறித்து வைக்கிறார். அந்தக் கடைப் பக்கம் போகும்போது சும்மா ஒரு பில் வாங்கிப் பார்ப்பார். இன்னும் இரண்டு புத்தகம்தான் மிச்சம் என்று தெரிந்தால் அன்றே ஆர்டர். இதைவிடச் சுலபமான விற்பனை கிடையாது.

ப்ரூஃப், அதாவது அடிக்கும் முன் பார்ட்டி சரிபார்க்கும் மாதிரிப் பிரதி பற்றி என் சொந்த அனுபவம். ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு போனிலேயே "சரி, அடிங்க" என்றார்கள், அடித்தேன். தேதி சரி, கிழமை தப்பு. எண்ணூறும் என் செலவில் மறுபடி. இப்போது மணமக்கள் பெயர், தேதி, கிழமை, முகூர்த்த நேரம், மண்டபம் ஐந்தையும் விரல் வைத்து வாசிக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்குகிறேன். வாட்ஸ்அப்பில் வரும் போட்டோவையும் அப்படியே போடாதீர்கள். அதில் படம் சுருங்கித்தான் வரும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

பாக்கி வசூல் நம் பழைய வியாதி. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இல்லாதவர்கள் உடனே செய்துகொள்ளுங்கள், கட்டணம் இல்லை. குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லையென்றால் 15 நாளிலும் பணம் கொடுக்க வேண்டும். தாமதித்தால் வாங்கியவர் அந்தச் செலவை, பணம் கொடுக்கும் ஆண்டில்தான் வருமானவரிக் கணக்கில் கழிக்க முடியும். 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதி இது. சண்டை போடத் தேவையில்லை. பில்லின் அடியில் உத்யம் எண்ணைப் போட்டு, மார்ச் மாதம் அவர்களுடைய ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

2026-இல் சட்டமன்றத் தேர்தல். போஸ்டரிலும் நோட்டீசிலும் அச்சடித்தவர், வெளியிடுபவர் பெயர் முகவரி கட்டாயம். வெளியிடுபவரின் உறுதிமொழியை இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு வாங்கி, பிரதியுடன் கலெக்டர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். முழுப்பணமும் முன்கூட்டியே வாங்குங்கள். தோற்றவரிடம் பாக்கி கேட்டுப் போன உறுப்பினர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள்.

ஆடிப்பெருக்கையொட்டி சிவகாசியில் புது காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பங்கள் வந்துவிடும். தீபாவளி முடிந்து ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு போனால் நமக்கு முன் யாராவது போயிருப்பார்கள். ஆகவே ஆவணியிலேயே சேர்ந்து ஆர்டர் கொடுக்கச் செயற்குழு தீர்மானித்திருக்கிறது. விருப்பமுள்ளவர்கள் காபி இடைவேளையில் என்னிடம் பெயர் கொடுக்கலாம். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பொருளாளரைப் பார்க்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்