செஸ் கணக்கைக் கேளுங்கள்: நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மக்களவை, மாநிலங்களவை உறுப்பினர்களுக்கு வணக்கம்.

மாநில உரிமை என்றாலே அவையில் ஏழாவது அட்டவணைதான், அதாவது மத்திய, மாநில அதிகாரங்களைப் பிரித்துத் தரும் அரசியல் சட்டப் பட்டியல்கள்தான் பேச்சாகிறது. அதற்காவது காவல் இருக்கிறது: அதில் ஒரு பதிவைப் பட்டியல் மாற்றக்கூட இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கும், பாதி மாநிலச் சட்டமன்றங்களின் இசைவும் வேண்டும். மத்திய வரியில் மாநிலங்களுக்கு வரும் பங்கைக் குறைக்க ஒரு நிதி மசோதா போதும்: பகிர வேண்டிய வரியைக் குறைத்து, பகிர வேண்டாத செஸ்ஸை (குறிப்பிட்ட காரியத்துக்கென்று வசூலிப்பதை) ஏற்றினால் ஆயிற்று.

2021 பிப்ரவரி பட்ஜெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் லிட்டருக்கு அடிப்படைக் கலால் வரி 2.98 ரூபாயிலிருந்து 1.40 ஆனது. சிறப்புக் கூடுதல் கலால் வரி 12-லிருந்து 11. கூடவே வேளாண் உள்கட்டமைப்பு செஸ் என்று 2.50 ரூபாய் புதிதாக முளைத்தது. சாலை செஸ் 18 ரூபாய் அப்படியே நின்றது. மொத்தம் 32.98 ரூபாய் 32.90 ஆனது, பங்க்கில் பெட்ரோல் போட்டவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் இந்த நான்கில் மாநிலங்களோடு பகிரப்படுவது அடிப்படை வரி மட்டும்தான். மத்திய வரியில் மாநிலங்களின் பங்கைப் பரிந்துரைக்கும் நிதிக்குழு சொன்ன 41 சதவீதப்படி, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து லிட்டருக்கு 1.22 ரூபாய் கிடைத்த இடத்தில் 57 பைசா. 41 என்ற எண்ணை யாரும் தொடவேயில்லை, கவனித்தீர்களா?

இதற்கு இடம் தருவது அரசியல் சட்டப் பிரிவு 270. செஸ்ஸும், சர்சார்ஜும் (வரிக்கு மேல் போடும் கூடுதல் வரி; மேலே சொன்ன சிறப்புக் கூடுதல் கலால் வரி இந்த வகை) பகிர்வுக்கு வெளியே. செஸ் என்றால் சொன்ன காரியத்துக்குச் செலவாக வேண்டும் என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் நியாயம். ஆனால் 2018-19-ல் 35 வகை செஸ், கட்டணங்களில் வசூலான சுமார் 2.74 லட்சம் கோடியில் 1.64 லட்சம் கோடிதான் உரிய நிதியங்களுக்குப் போனது என்று அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி.யின் அறிக்கையே சொல்கிறது.

நிதி மசோதா வழக்கமாகப் பண மசோதாவாகவே வரும்; அதில் மாநிலங்களவை 14 நாளுக்குள் பரிந்துரை மட்டுமே செய்யலாம். மக்களவை அதை ஒதுக்கிவிடலாம். ஆகவே வேலை மக்களவையில்தான். வரியைக் குறைக்கவோ நீக்கவோ திருத்தம் கொண்டுவரக் குடியரசுத் தலைவரின் பரிந்துரை தேவையில்லை என்கிறது பிரிவு 117(1). அதைப் பயன்படுத்துங்கள், தோற்றாலும் பரவாயில்லை, விவாதம் பதிவாகும்.

மாநிலங்களவை உறுப்பினர்களுக்குக் கேள்வி நேரம் இருக்கிறது. “செஸ் வசூல் எவ்வளவு?” என்று மட்டும் கேட்டால் ஒற்றை எண்தான் வரும். ஒவ்வொரு செஸ்ஸுக்கும் வசூல், நிதியத்துக்கு மாற்றியது, செலவானது என்று மூன்றையும் ஆண்டுவாரியாகக் கேளுங்கள்.

செஸ், சர்சார்ஜ் வசூல் ஒரு வரம்பைத் தாண்டினால் மிச்சம் பகிர்வுக்கு வர வேண்டும் என்று 270-ஐத் திருத்தக் கோருவது அடுத்த படி. அதற்கு மாநிலங்களின் ஒப்புதல்கூட வேண்டாம். வழக்கமாக நமக்கு எதிராக நிற்கும் இந்த வசதி, இம்முறை நம் பக்கம்.

இப்படிக்கு,
பொது நிதிக் கணக்குகளைத் தொடர்ந்து படிப்போர்